கதிரியக்க லென்ஸை வீட்டில் வைத்தால் கேன்சர் வருமா? தோரியத்தின் கதை

1.


பழைய கேமரா, லென்ஸ் வாங்கிச் சேர்க்கும் தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்.

"டாக்டர், கோடக் ஏரோ எக்டார்னு ஒரு லென்ஸ். இரண்டாம் உலகப் போர் காலத்து ஐட்டம். விலை படிஞ்சிருச்சு. ஆனா அது ரேடியோ ஆக்டிவ்னு சொல்றாங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. வாங்கலாமா?"

வாங்கலாம், சில நிபந்தனைகளோடு. இதுதான் சுருக்கமான பதில். ஆனால் அந்த நிபந்தனைகள் ஏன் என்று புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறு தெரியணும். அந்த லென்ஸில் இருக்கும் அதே பொருளை, அது உருவான அதே காலத்தில், மருத்துவர்கள் நோயாளிகளின் ரத்தக்குழாயில் ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையையும் சேர்த்துப் படித்தால்தான் பதில் முழுமையாகும்.

2.
முதலில் இந்த லென்ஸ் யாருக்கு எதற்கு?

தாத்தா காலத்து ஸ்டுடியோக்களில் முக்காலி மேல் ஒரு பெட்டி, அதற்குத் துருத்தி, பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் போட்டோகிராபர். பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் பழைய சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். அதுதான் லார்ஜ் ஃபார்மட். ஃபிலிமே 4க்கு 5 அங்குலம், 8க்கு 10 அங்குலம் என்று பெரிதாக இருக்கும்.

இந்த வகைக் கேமராவில் ஒரு வசதி. லென்ஸ் ஒரு சின்னப் பலகையில்தான் உட்காரும். பலகையில் ஓட்டை போட்டு, துருத்தியின் நீளத்துக்கும் ஃபிலிமின் அளவுக்கும் ஒத்து வருகிற எந்த லென்ஸையும் மாட்டலாம். நூறு வருஷப் பழைய லென்ஸும் போகும். அதனால்தான் இந்த உலகத்தில் பழைய லென்ஸுக்கு இன்னும் இவ்வளவு கிராக்கி.

3.
அப்படித் தேடப்படும் லென்ஸ்களில் ஒன்று கோடக் ஏரோ எக்டார். 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர் குவிய நீளம். துளை அளவு எஃப் 2.5.

இது போட்டோ ஸ்டுடியோவுக்காகப் பிறந்ததல்ல, போர் விமானத்துக்காகப் பிறந்தது. கே-24 என்ற அமெரிக்க வான்வழிக் கேமராவில் 5க்கு 5 அங்குலப் படம் எடுக்க இதை மாட்டினார்கள். விமானம் வேகமாகப் போகும், ஷட்டர் நேரம் குறைவாக இருக்கணும், வெளிச்சமோ குறைவு. அப்படியானால் லென்ஸ் நிறைய ஒளியை உள்ளே விடணும். எஃப் 2.5 என்றால் இந்த லென்ஸின் ஒளித்துளை சுமார் 71 மில்லிமீட்டர் அகலம்! இந்த அளவு ஃபிலிமுக்கு எஃப் 5.6 கிடைத்தாலே அன்றைக்குப் போதும் என்பார்கள்.

4.
இவ்வளவு அகலமான லென்ஸில் படம் மங்காமல் விழ வேண்டுமென்றால் கண்ணாடியே வேறு மாதிரி இருக்கணும்.

சாதாரணக் கண்ணாடியில் ஒரு சிக்கல். ஒளியை அதிகம் வளைக்க ஈயம் சேர்ப்பார்கள். வளைக்கும், ஆனால் கூடவே நிறங்களையும் பிரித்துவிடும். ஓரங்களில் வண்ணக் கசிவு வரும்.

1930களில் வாஷிங்டனில் கார்னெகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் ஜார்ஜ் மோரி என்ற கண்ணாடி வேதியியலாளர் மணலை விட்டுவிட்டு லாந்தனம், தோரியம் போன்ற தனிமங்களின் ஆக்சைடுகளைச் சேர்த்துக் கண்ணாடி உருக்கிப் பார்த்தார். ஒளியை நன்றாக வளைக்கும், நிறத்தை அதிகம் பிரிக்காத கண்ணாடி கிடைத்தது. கோடக் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. ஏரோ எக்டார் அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

லாந்தனத்தால் நமக்குத் தொந்தரவு இல்லை. தோரியம்தான் கதிரியக்கத் தனிமம்.

5.
தோரியம் நமக்கு அந்நியன் கிடையாது.

பெட்ரோமாக்ஸ் விளக்கில் மேண்டில் இருக்குமே, ஞாபகம் இருக்கா? தோரியம், சீரியம் உப்புகளில் நனைத்த வலைத்துணி அது. முதல் தடவை பற்றவைத்ததும் துணி எரிந்துபோய், ஆக்சைடு எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். 1891ல் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் என்ற வேதியியலாளர் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு என்ற கலவையைப் பிடித்தார். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கை வைத்ததும் மேண்டில் பொடிப்பொடியாக உதிர்வதற்குக் காரணம் இதுதான். அது துணியே அல்ல, சாம்பல்.

6.
அந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு நம்ம ஊரிலிருந்து.

அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுகொண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அதன்பின் மேண்டில் தொழிலுக்காக மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிதான். கடற்கரை முழுக்கத் தோரியம், அதன் மேலேயே மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள்.

7.
இப்போது மருத்துவத்துக்கு வருவோம்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. தெரிய வைக்க ஒரு சாய மருந்து வேண்டும். அதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறோம். 1920களின் கடைசியில் ஜெர்மனியில் 'தோரோட்ராஸ்ட்' வந்தது. தோரியம் டை ஆக்சைடின் நுண்துகள்கள் மிதக்கும் திரவம்.

அன்றைய மருத்துவர்களுக்கு அது வரம் மாதிரி. படம் பளிச்சென்று விழுந்தது. வலி இல்லை, வாந்தி இல்லை, ஒவ்வாமை இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர் எழுந்து வீட்டுக்குப் போனார். மூளை ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் முறையை உருவாக்கிய லிஸ்பன் மருத்துவர் எகாஸ் மோனிஸ், 1931லிருந்து தோரோட்ராஸ்ட்டுக்கு மாறினார். பல நாடுகளில் பரவியது.

8.
தோரியம் கதிரியக்கமுள்ளது என்பது 1898லேயே தெரியும். 1932ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு இதைப் பற்றி எச்சரிக்கவும் செய்தது. ஆனாலும் 1950கள் வரை பயன்பாடு ஓடியது. "போட்டவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் வாதம்.

பிரச்சினை என்னவென்றால், உள்ளே போன தோரியம் வெளியே வரவே இல்லை. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் துப்புரவு செல்கள் அந்தத் துகள்களை விழுங்கி வைத்துக்கொண்டன. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். மனிதன் சாகும்வரை அது உள்ளேயே இருந்து கதிர்வீசும்.

1947ல் தோரோட்ராஸ்ட் போட்டுக்கொண்ட ஒருவருக்குக் கல்லீரலில் ஆஞ்சியோசார்கோமா என்ற அரிய புற்றுநோய் வந்ததை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். பிறகு ஜெர்மனி, டென்மார்க், ஜப்பான், போர்ச்சுகல் என்று பல நாடுகளில் ஊசி போட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 20, 30 வருடம் கழித்துக் கல்லீரல் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் என்று வரிசையாக வந்தது.

9.
அதே தோரியம். லென்ஸில் இருந்தால் வாங்கலாம் என்கிறேன், ஊசியில் இருந்தது ஆளைக் கொன்றது என்கிறேன். எப்படி?

தோரியம் வெளியிடுவது முக்கியமாக ஆல்ஃபா கதிர். ஆல்ஃபா ஒரு குண்டு ஆள் மாதிரி. பலமாக மோதுவார், ஆனால் தூரம் நடக்க மாட்டார். ஒரு தாள் குறுக்கே இருந்தால் நின்றுவிடும். நம் தோலின் மேல் இருக்கும் இறந்த செல் அடுக்கே போதும் தடுக்க.

அதே ஆல்ஃபா கல்லீரலுக்குள் பிறந்தால்? அங்கே தாளும் இல்லை, தோலும் இல்லை. சுற்றியிருக்கும் சில செல்களின் மீதே முழு அடியும் விழும். ஒரு நாள் அல்ல, ஆயுள் முழுக்க.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "கதிரியக்கம் இருக்கா?" மட்டும் அல்ல. "எங்கே இருக்கு? உள்ளேயா, வெளியேயா? எவ்வளவு தூரத்துல? எவ்வளவு நேரம்?"

10.
"அப்ப வெளியே இருந்தா சுத்தமா ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

அப்படிச் சொல்ல மாட்டேன். தோரியம் சிதைந்து உண்டாகும் வாரிசுத் தனிமங்கள் பீட்டா, காமா கதிர்களையும் விடும். அவை லென்ஸுக்கு வெளியே வரும். கெய்கர் கருவியை ஏரோ எக்டாரின் பின்பக்கம் ஒட்டி வைத்தால் கடகடவென்று சத்தம் போடும். தள்ளிக்கொண்டே போனால் சடசடவென்று குறையும். ஒரு 3 அடி தள்ளினால் இயற்கையாக நம்மைச் சுற்றி இருக்கும் கதிர்வீச்சிலிருந்து அதைப் பிரித்தறிவதே சிரமம்.

இன்னொரு சான்று. கேரளத்தின் கருநாகப்பள்ளி கடற்கரையும் மோனசைட் மணல்தான். அங்கே வசிக்கும் ஏறக்குறைய 70,000 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2009ல் வெளியானது. மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தென்படவில்லை. தினம் தினம் அந்த மண்ணில் வாழ்பவர்களின் கதை இது. அலமாரியில் ஒரு லென்ஸ் எம்மாத்திரம்?

11.
அமெரிக்க அணுசக்தி விதிகள் இந்த விஷயத்தை அழகாகப் பிரித்து வைத்திருக்கின்றன. செய்து முடித்த லென்ஸில் எடையில் 30 சதவீதம் வரை தோரியம் இருந்தாலும் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று பல பத்தாண்டுகள் அனுமதித்தார்கள். (பின்னாளில் அளவைக் குறைத்தார்கள்.) ஆனால் இரண்டு விஷயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒன்று, அந்த லென்ஸை அரைப்பது, தேய்ப்பது, மெருகேற்றுவது. தூசி மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போனால் தோரியம் "உள்ளே" போய்விடும்.

இரண்டு, மூக்குக்கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், பைனாகுலர் போன்றவற்றின் கண் பக்கத்து லென்ஸ். கருவிழிக்குத் தோல் மாதிரி இறந்த செல் கவசம் கிடையாது. தூரமும் இல்லை.

லார்ஜ் ஃபார்மட்டில் ஒரு நிம்மதி என்னவென்றால், நீங்கள் லென்ஸில் கண் வைப்பதே இல்லை. லென்ஸுக்குச் சுமார் 18 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

12.
சரி தம்பி, இப்ப வாங்கும் கதை.

வரிசை எண்ணைப் பாருங்கள். கோடக் அந்தக் காலத்தில் 'கேமரோசிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லை ரகசியக் குறியாக வைத்திருந்தது. பத்து எழுத்து, ஒன்றுகூட மறுபடி வராது. சி என்றால் 1, ஏ 2, எம் 3, இ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, ஒய் 0. எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கும். 'இ எம்' என்றால் 43, அதாவது 1943. 'இ இ' என்றால் 1944.

லென்ஸை வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். டீ டிக்காஷன் மாதிரி மஞ்சளாகத் தெரியும். 80 வருடமாகக் கதிர் உள்ளிருந்தே கண்ணாடியைத் தாக்கி உண்டாக்கிய நிறம் அது. அழுக்கு அல்ல, துடைத்தால் போகாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அது ஒரு மஞ்சள் ஃபில்டர் போல வேலை செய்யும், அவ்வளவுதான்.

போக்க வேண்டுமென்றால் புற ஊதா ஒளி போதும். நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வெயிலில் வைத்தால் தெளியும். ஆனால் ஜாக்கிரதை. வெயிலில் குவிலென்ஸ் என்றால் தீ பிடிக்கும்! ஒரு பக்கத்தை அலுமினியத் தாளால் மூடிவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் வையுங்கள்.

டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இருந்தால் பூஞ்சை. நம்ம கடலோர ஈரப்பதத்தில் அது வளர்ந்துகொண்டே போகும்.

13.
இந்த லென்ஸுக்குள் ஷட்டர் கிடையாது. அதனால் பலர் இதை 'ஸ்பீட் கிராஃபிக்' என்ற பழைய அமெரிக்கப் பத்திரிகைக் கேமராவில் மாட்டுகிறார்கள். அதில் ஃபிலிமுக்கு முன்னால் துணித்திரை ஷட்டர் உண்டு, நொடியில் 1000ல் ஒரு பங்கு வரை போகும். அமெரிக்கப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட் 2004 அதிபர் தேர்தலில் ஜான் கெர்ரியின் பிரசாரத்தை இந்த ஜோடியை வைத்துத்தான் படமெடுத்தார். எல்லோரும் டிஜிட்டலுக்கு ஓடிய நேரத்தில்!

முதல் சோதனைக்கு ஒரு ஆளை உட்கார வைத்து, துளையை முழுசாகத் திறந்து எடுத்துப் பாருங்கள். கண் தெளிவாக இருக்கும், காது கரைந்திருக்கும். இந்த லென்ஸைத் தேடி வாங்குவதே அதற்காகத்தான்.

14.
வீட்டு நிபந்தனைகள்:

▪️ மூடி போட்டு, பெட்டியில், அலமாரியில். படுக்கைத் தலைமாட்டில் வேண்டாம்.
▪️ குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. விளையாட்டுப் பொருள் அல்ல.
▪️ பின் லென்ஸைக் கழற்றி உருப்பெருக்கியாகக் கண்ணில் வைத்துப் பார்க்காதீர்கள்.
▪️ தேய்க்காதீர்கள், துளையிடாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள்.
▪️ உடைந்தால் கையுறை போட்டு ஈரத்துணியால் எடுங்கள். துடைப்பம், வேக்குவம் கிளீனர் கூடாது, தூசி பறக்கும்.
▪️ புது ஃபிலிமை அதே பெட்டியில் வைக்காதீர்கள்.
▪️ தொட்டபின் கை கழுவுங்கள். இது எல்லாப் பழைய பொருளுக்கும் பொருந்தும்.

15.
கெய்கர் கருவி சத்தம் போடுகிறது என்பதற்காக லென்ஸைக் குப்பையில் எறிபவர்கள் இருக்கிறார்கள். "இயற்கை மருந்து, சைடு எஃபெக்ட் இல்லை" என்று சொன்னால் எதையும் வாயில் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். தோரோட்ராஸ்ட்டுக்கும் அன்றைக்கு யாரும் சைடு எஃபெக்ட் பார்க்கவில்லை. அது தெரிய 20 வருடம் ஆனது.

அதனால் தம்பி, தாராளமாக வாங்குங்க. படம் எடுத்துட்டு எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.

உங்கள் வீட்டிலும் தாத்தா விட்டுப்போன பழைய லென்ஸ் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பேசுவோம்.