முத்திரை அழிந்த துப்பாக்கி

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமானால், வேங்கிக்காலில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் கோப்புகளைக் கடந்துதான் உரிமம் கைக்கு வரும். இந்த வட்டாரத்துக்குத் துப்பாக்கி நெடுநாள் பழக்கம். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்தது. 1767 செப்டம்பரில் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி, நிஜாம் கூட்டுப் படைகளோடு மோதியது. அந்தப் போர்களில் வெடித்தவை சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் மஸ்கட் துப்பாக்கிகள். அவற்றைப் பற்றி நாம் இன்று பேசுவதெல்லாம் கடிதங்களையும் படைக் குறிப்புகளையும் வைத்துத்தான். நம் கண் முன்னே ஏராளமாக எஞ்சி, இப்போதுதான் பணியிலிருந்து விலகிக்கொண்டிருக்கும் ராணுவத் துப்பாக்கி வேறொன்று: காவலர்களும் என்.சி.சி. மாணவர்களும் '303' என்று அழைக்கும் லீ-என்ஃபீல்டு ரைஃபிள். 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடை கொடுத்தது. விடைபெற்ற துப்பாக்கியை என்ன செய்வது என்ற கேள்வி இனி எல்லா மாநிலங்களுக்கும் வரும். அதைத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்து, குழலுக்குப் புதுக் கருப்பேற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது பலருக்கு மரியாதையாகத் தோன்றும். அது அந்தத் துப்பாக்கியின் வரலாற்றை அழிக்கும் செயல் என்பதே என் வாதம்.

காரணம் அந்தத் துப்பாக்கியின் உடம்பிலேயே இருக்கிறது. கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரில் அரசு ரைஃபிள் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1907-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மூன்றாம் மார்க் வகையையும், போர்க்கால அவசரத்தில் சில உறுப்புகளைக் குறைத்து 1916-இல் ஏற்ற அதன் எளிய வடிவத்தையும் இஷாப்பூர் பல பத்தாண்டுகள் செய்தது. கட்டையின் கழுத்தைப் பற்றியிருக்கும் இரும்பு வளையத்தில் கிரீடமும், அரசரின் எழுத்துகளும், ஆலையின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். குடியரசுக்குப் பிறகு கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்து அமர்ந்தது. ஆட்சி மாறியதை ஓர் இரும்புத் துண்டு இப்படிப் பதிவு செய்து வைத்திருக்கிறது. வளையத்தில் ஓர் ஆண்டும் குழலில் இன்னோர் ஆண்டும் இருந்தால், இடையில் குழல் தேய்ந்து மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். முன்கட்டையின் குறுக்கே தலை தெரியும் திருகு, மரம் பிளக்காமல் இருக்க இந்தியப் பணிமனைகள் சேர்த்தது. முன்பகுதியில் இறுக்கிச் சுற்றிய செம்புக் கம்பி, அந்தத் துப்பாக்கி கையெறிகுண்டு வீசப் பயன்பட்டதைச் சொல்கிறது. உடைந்த கட்டையில் வேறு மரத்துண்டை இழைத்துப் பொருத்திய ஒட்டு, பெயர் தெரியாத ஒரு படைக்கலத் தச்சரின் கைவேலை. 1962 சீனப் போருக்குப் பின் அதே அமைப்பைக் கூடுதல் வலுவுள்ள எஃகில் செய்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றது இஷாப்பூர். அடுத்த வடிவத்தில் குறிகாட்டியின் எல்லை 2000-இலிருந்து 800-ஆகச் சுருங்கியது. நெடுந்தொலைவுக்குக் கூட்டமாகச் சுடும் பழைய போர்முறை காலாவதியானதை ஒரு சிறு தகடு சொல்லிவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட அழுத்தமான சான்று, வேண்டுமென்றே முடமாக்கப்பட்ட துப்பாக்கிகள். 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த, லீ-என்ஃபீல்டுக்கு முந்திய என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில், குண்டைச் சுழலவைக்கும் உள்வரி இல்லை. உள்வரி இல்லாத குழலிலிருந்து போகும் குண்டு நெடுந்தூரம் குறி தவறாமல் போகாது. அதைக் கையில் கொடுத்தவர் அதைத்தான் விரும்பினார். இருபதாம் நூற்றாண்டிலும் அந்த எண்ணம் மாறவில்லை. காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் என்று 303-இன் குழலைக் குடைந்து .410 மஸ்கட் ஆக்கினார்கள். மேகசினில் மரக்கட்டையைச் செருகி, ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் என்று ஆக்கினார்கள். ராணுவத் தோட்டா அதில் நுழையாது. ஆயுதம் கைமாறினாலும் ஆபத்து பெருகக் கூடாது என்ற ஆட்சியின் கணக்கு அது. குடிமக்கள் மீது அரசு கொண்டிருந்த அவநம்பிக்கைக்கு இவ்வளவு திட்டவட்டமான சான்றைக் காகிதத்தில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. அழகுபடுத்துகிறேன் என்று ஒருவர் அந்த மரக்கட்டையைப் பிடுங்கி எறிந்து, நல்ல மேகசின் ஒன்றை மாட்டினால், துப்பாக்கி முழுமை பெற்றதுபோல் தெரியும். சான்று போய்விடும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. இந்தத் துப்பாக்கிகளை ராணுவமே பலமுறை புதுப்பித்தது. பிரித்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, பூச்சு ஏற்றி, முழுப் பழுது பார்த்ததற்கு அடையாள எழுத்தும் ஆண்டும் பொறித்துத் திருப்பி அனுப்பியது. அப்படியிருக்க 'அசல்' என்று ஒன்று எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. ஆலையிலிருந்து வெளிவந்த முதல் நாள் தோற்றத்தை அசல் என்று கொண்டால், இந்தியாவில் எந்த 303-உம் அசல் ஆகாது. ஆகவே நாம் காக்க வேண்டியது பணியின் கடைசி நாளில் அது இருந்த நிலையை. ராணுவத்தின் பழுதுபார்ப்பு, துப்பாக்கியின் பணிக்காலத்துக்குள் நடந்தது. செய்தவர் முத்திரை இட்டுப் பொறுப்பேற்றார். பணி முடிந்த பிறகு மெருகேற்றுபவர் எந்த முத்திரையும் இடுவதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது முதலில் மங்குவதும் பழைய முத்திரைகள்தான். நம் கோயில் திருப்பணிகளில் மணலைக் காற்றழுத்தத்தில் வீசிக் கல்லைச் 'சுத்தம்' செய்தபோது நடந்ததும் இதுவே. தூண் பளிச்சென்று ஆனது, உளித்தடமும் கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் மழுங்கின. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் படித்துத்தான் இந்த ஊரின் வரலாறு எழுதப்பட்டது என்பதை நினைத்தால், இங்குள்ளவர்களுக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை.

துருவை அப்படியே விட்டுவிடுவதா என்றும் கேட்கலாம். கூடாது. செந்துரு உயிருள்ளது, அது இரும்பைத் தின்றுகொண்டே போகும். எண்ணெயில் ஊறவிட்டு, மெல்லத் துடைத்து, ஈரம் அண்டாத இடத்தில் வைத்தால் அது நிற்கும். அதற்கு மேல் போவது விருப்பம், தேவை இல்லை. ஆயுத பூஜையன்று ஆயுதப்படை வளாகங்களில் துப்பாக்கிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு வணங்கும் நம் வழக்கத்தை எடுத்துக்காட்டி, கருவியைப் பளபளப்பாக வைப்பதே மரபு என்று வாதிடுபவர்களும் இருப்பார்கள். அந்த மரபை நான் மதிக்கிறேன். உழைக்கும் கருவிக்கு அது பொருத்தமானது, நாளைக்கும் அது சுட வேண்டும். ஓய்வு பெற்ற கருவியின் வேலை வேறு.

சந்தை இதை நம்மைவிட முன்பே உணர்ந்துகொண்டது. 2003-இல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் குவிந்துகிடந்த பல்லாயிரம் பழைய துப்பாக்கிகளை அயல்நாட்டு வணிகர்கள் வாங்கிச் சென்றார்கள். துடைத்தவை ஒருபுறம், பழைய அழுக்கோடு கை படாதவை இன்னொருபுறம் என்று பிரித்தே விற்றார்கள். அமெரிக்காவுக்குப் போன இஷாப்பூர் ரைஃபிள்கள் பலவற்றின் கதி வேறு. குழல் வெட்டப்பட்டு, கட்டை இழைக்கப்பட்டு, அவை வேட்டைத் துப்பாக்கிகள் ஆயின.

நம் சட்டமும் ஓரளவு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1959 ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதைத் தடை செய்கிறது. நோக்கம் குற்றத் தடுப்பு என்றாலும் பலன் வரலாற்றுக்கும் கிடைக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத தொன்மையான ஆயுதத்துக்கு அதே சட்டம் விலக்கு தருகிறது. பழுது பார்த்துச் சுடவைக்கக்கூடிய பழைய துப்பாக்கிக்கு அந்த விலக்கு இல்லை.

எல்லா 303-ஐயும் அப்படியே காக்க முடியாது, அது தேவையும் இல்லை. லட்சக்கணக்கில் செய்யப்பட்டவற்றில் உறுப்புகள் கலைந்து, முத்திரை ஏற்கெனவே அழிந்தவற்றை உருக்கினாலும் பெரிய இழப்பில்லை. தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 2021-இல் எழும்பூர் பழைய ஆணையர் அலுவலகத்தில் திறந்த தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குத் துப்பாக்கி அனுப்பும்போது, மாவட்ட ஆயுதக் கிடங்குகள் பார்வைக்கு நல்லதாக ஒன்றைப் பொறுக்கி மெருகேற்றி அனுப்பக் கூடாது. ஒட்டுப்போட்ட கட்டையும் இரண்டு ஆண்டு முத்திரையும் உள்ளதை, அது எந்தக் கிடங்கில் எத்தனை ஆண்டு இருந்தது என்ற பதிவேட்டு நகலோடு அனுப்ப வேண்டும். பயிற்சிக்கு மட்டும் என்று துளையிட்டுச் செயலிழக்கச் செய்த ரைஃபிள்களைச் சேகரிப்பாளர்கள் சீண்டுவதில்லை. முதலில் உலைக்குப் போவதும் அவைதான். ஆனால் கல்லூரி மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மாணவர்கள் தோளில் சுமந்தவை அவையே என்பதால், அவற்றில் சிலவற்றையாவது துளையோடும் கீறலோடும் எடுத்துவைக்க வேண்டும்.