கருவியின் வயதும் கணக்கின் பொறுப்பும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஒரு ஸ்தாபனம் தன் அலுவலகக் கணினிகளையும் அவற்றைச் சார்ந்த கணக்கு ஏற்பாடுகளையும் எப்பொழுது புதுப்பிக்க வேண்டும் என்னும் வினாவுக்கு, விற்பனையாளர் கருவியின் வயதை எண்ணி ஒரு விடையும், முதலாளி செலவை எண்ணி வேறொரு விடையும் கூறுவது வழக்கம். இவ்விரண்டும் தனித்து நின்று அளவுகோலாகப் போதா என்பதும், ஒரு ஸ்தாபனம் பிறருக்குப் பதில் சொல்ல வேண்டிய விஷயங்கள் அதன் கருவி பதிந்து வைக்கக்கூடியவற்றை மிஞ்சிவிடும் தருணமே புதுப்பித்தலுக்கு உரிய காலம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் வயதைப் பற்றிய வாதத்தை நோக்குவோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் பொது ஆதரவின் முடிவாக மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் குறிக்கப்பட்டன. அத்தேதிக்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வாராவாகையால், இணையத்தோடு பிணைந்த கணினியை அவ்வாறே விட்டுவைத்தல் விவேகமாகாது. ஆயினும் 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் தீநிரலுக்கு இரையானவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அன்று ஆதரவு நீங்காதிருந்த விண்டோஸ் 7 கணினிகளே. அவற்றுக்கான திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளிவந்தும், அதை நிறுவுவார் இல்லை. ஆகவே, பராமரிப்பற்ற புதுமை பழமையைவிடப் பத்திரமானது என்று கொள்வதற்கு ஆதாரமில்லை.

இனி, பதில் சொல்ல வேண்டியவை கருவியை மிஞ்சும் தருணத்துக்கு உதாரணமாக, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1975இல் தோன்றி, தந்தை பெரியார் பெயரைத் தாங்கி, 1997இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பெயரைப் பெற்ற அதன் நடத்துனர், தோளில் தோல்பையும், இடக்கையில் விலைவாரியாக அடுக்கிய டிக்கெட் கட்டுகளும், விரலிடுக்கில் மடித்த ரூபாய் நோட்டுகளுமாக நின்று, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஒவ்வொரு கட்டின் வரிசை எண்ணையும் தாளில் குறித்து வந்த முறை எளிதாகத் தோன்றினும் நுட்பமானது. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை விலையால் பெருக்கினால் வரும் தொகை, டெப்போவில் எண்ணிக் கட்டும் பணத்தோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணுக்குப் பணமும் பணத்துக்கு எண்ணும் சாட்சி. மாநிலத்தின் போக்குவரத்துக் கழகங்களில் முதலில் வந்த டிக்கெட் யந்திரங்கள் பழுதுற்றபோது, பல தடங்களில் நடத்துனர்கள் காகிதக் கட்டுக்கே திரும்ப இயன்றதற்குக் காரணம் இதுவே.

2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று அரசு ஆணையிட்டபோது இந்நிலை மாறியது. கட்டணமில்லாச் சீட்டுக்கும் வரிசை எண் உண்டு. ஆனால் அதற்கு ஈடாகப் பையில் விழும் பணம் இல்லை. அரசு ஈடுசெய்யும் தொகையோ எத்தனை பயணங்கள் என்னும் எண்ணிக்கையைப் பற்றி நிற்பது. பணம் என்னும் சாட்சி நீங்கியதால், எவ்விடத்தில் எந்நேரத்தில் சீட்டு வழங்கப்பட்டது என்பதைத் தானே பதியும் யந்திரம், சௌகரியம் என்னும் நிலையிலிருந்து அவசியம் என்னும் நிலைக்கு உயர்ந்தது. மாறியது யந்திரத்தின் வயதன்று. கழகத்தினிடம் கேட்கப்படும் கேள்வியே மாறியது.

திண்டிவனம் சுற்றுப்புறத்தின் அரிசி வாணிபமும் இதே நியாயத்துக்கு உட்பட்டது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே கட்டி விவரம் அச்சிட்ட 25 கிலோவும் அதற்குக் குறைந்ததுமான சிப்பத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. அவ்வளவை மிஞ்சிய மூட்டைக்கு அவ்வரி இல்லையாதலால், 26 கிலோ மூட்டைகள் சந்தையில் தோன்றின. இ-இன்வாய்ஸ் கடப்பாடோ, 2022 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயைக் கடந்தோர்க்கும், 2023 ஆகஸ்டில் 5 கோடியைக் கடந்தோர்க்கும் விரிந்தது. ஒரே நெல்லிலிருந்து வந்த ஒரே அரிசி, கட்டும் எடையால் இருவேறு கணக்காகும்பொழுது, டாலி என்னும் கணக்கு மென்பொருளில் பில் போட்டுவிட்டுச் சிப்பக் கணக்கை நீளநோட்டில் தனியே எழுதும் குமாஸ்தாவை எந்த மண்டியிலேனும் காண நேர்ந்தால், அந்த நோட்டையே பழைய ஏற்பாடு தோற்றதற்கு அத்தாட்சியாகக் கொள்ளலாம்.

காலத்தோடு இடமும் கருதத்தக்கது. 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரு நாளில் 51 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. தரைத்தளத்து மேஜைக்கடியில் சர்வரையும், அதன் பக்கத்திலேயே நகல் வட்டையும் வைத்திருக்கும் அலுவலகம், கருவி எவ்வளவு புதிதாயினும், அத்தகைய வெள்ளத்துக்குப் பின் வரி அதிகாரிக்கோ வங்கிக்கோ கணக்குக் காட்ட இயலாது. ஆதலின் நகலை வேறோர் ஊரிலேனும் கிளவுடிலேனும் வைக்கும் ஏற்பாட்டை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே முடித்துவிடுதல் உசிதம். பேருந்துக் கழகம் தீபாவளி, பொங்கல் நெரிசலிலும், அரிசி ஆலை சம்பா வரத்துக் காலத்திலும் முறையை மாற்றலாகாது. மாற்றிய பின்பும் ஒரு மாதமேனும் பழையதையும் புதியதையும் இணையாக நடத்தி ஒப்பிட வேண்டும்.

சிறு ஸ்தாபனங்களுக்கு இவ்வளவு மூலதனம் ஏது என்னும் ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் மேற்கண்ட அளவுகோல் செலவைப் பெருக்குவதன்று, பெரும்பாலும் குறைப்பது. கடிதம் அச்சிட மட்டும் பயன்படும் பழைய கணினி, இணையத்தினின்றும் நீக்கப்பட்டு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கலாம். பில் போடும் கணினி ஒன்றை மாற்றுவதற்காக அனைத்தையும் மாற்ற நிர்ப்பந்தமில்லை. எனவே நிர்வாகி, விலைப்புள்ளி கேட்பதற்கு முன், தன் அலுவலகத்தில் எத்தனை பேர் கணினிக்குப் புறம்பாக இரண்டாம் கணக்கு எழுதுகின்றனர், அக்கணக்கு யாருடைய கேள்விக்காக எழுதப்படுகிறது என்று விசாரிக்கக் கடவர். அவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைத்தால், எதை மாற்றுவது, எப்பொழுது மாற்றுவது என்பவை தாமே தெளிவாகும். அவ்வாறு எழுதுவோர் ஒருவரும் இலர் எனில், பராமரிப்பைச் செவ்வனே நடத்தி, வாங்குவதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதில் தவறில்லை.