காணியும் காணியில் வாழ்வோரும்

'சபரகமுவ' என்னும் பெயருக்குச் சபரர் எனப்பட்ட வேடுவர் வாழ்ந்த இடம் எனப் பொருள் உரைப்போர் உளர். இன்று இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலையும் இறப்பருமே கண்ணுக்குத் தெரிகின்றன. வேடுவர் பெயரளவிலேயே எஞ்சினர்.

அம்மலைகளில் பின்னர் வாழ்ந்த சிங்களக் கிராமத்தவர் சேனைப்பயிர் செய்தனர். காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் குரக்கன் விதைத்து, பின்பு பல ஆண்டுகள் நிலத்தை ஆறவிடுவர். ஆறும் நிலம் வெறுங்காடு போலவே தோன்றும். ஆயினும் அது எக்குடும்பத்துக்குரியது, மீண்டும் எப்போது வெட்டலாம் என்பதை ஊர் அறியும்.

ஊரறிந்த இவ்வுரிமையை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. காடும் தரிசும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. கண்டி நாட்டுச் சேனைகளுக்கோ இன்னும் கடுமை: அரசர் அளித்த சன்னஸ் போன்ற சாசனம் காட்டவேண்டும், அன்றேல் முந்திய 20 ஆண்டுகளுக்குள் வழமையான வரியோ இராசகாரியமோ செலுத்தியதை நிரூபிக்கவேண்டும். ஓலை இல்லாதவன் உரிமை இல்லாதவனானான். கோப்பித் தோட்டங்களுக்காக ஏக்கர் 5 சில்லிங் விலையில் காணிகள் விற்கப்பட்டன. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் பலர்!

அத்தோட்டங்களில் உழைக்க நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தனர். காணியைப் பறித்தவர் அவரல்லர். ஆனால் நிலமிழந்த கிராமத்தவரின் கண்ணில் நாளும் பட்டவர், பங்களாவில் இருந்த துரையல்லர். லயத்தில் இருந்த தொழிலாளரே.

இது பழங்கதை என எண்ணற்க. வேடுவர் எஞ்சியிருந்த தம்பானைப் பகுதியில், மகாவலித் திட்டத்தோடு 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. தம் வேட்டைக்காட்டில் நுழைந்தோர் குற்றவாளிகளாயினர். பலர் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டனர்; முதுதலைவர் திசாஹாமி பெயர மறுத்தார். ஆதிக்குடிகளின் நிலத்தில் திட்டமொன்றை அங்கீகரிக்குமுன் அவர்தம் சம்மதத்தை நாடவேண்டும் என ஐக்கிய நாடுகளின் பிரகடனம் கூறியது 2007இலேதான்.

தோட்டத் தொழிலாளர் ஆதிக்குடிகள் அல்லர். எனினும் பல தலைமுறையாக ஒரு மலையில் வாழ்ந்தவர்க்கு அம்மலை தெரியாதா? சில ஆண்டுகளுக்கு முன், எம் பாடசாலைக்கு மேலே பாதையொன்று வெட்ட முற்பட்டனர். அளவுக்கட்டைகளை நட்டு முடித்த பின்னரே எம் மண்டபத்தில் கூட்டம் வைத்தனர். மூதாட்டி ஒருவர் எழுந்து, "ஐயா, மூணாவது கட்டைக்குக் கீழதான் எங்க பீலிக்குத் தண்ணி வர்ற ஊத்து இருக்கு" என்றார். அளவையாளர் தம் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அதில் ஊற்று இல்லை. கட்டைகளைப் பிடுங்கி, இரண்டு மாத வேலையை மீண்டும் தொடங்கினர்.