சாரலில் ஒரு குட்டி புராஜெக்ட்... லித்தியம் பேட்டரியைப் பத்திரமா கையாள்வது எப்படி?

ஜூன் பிறந்தா போதும், தென்காசிப் பக்கம் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "குற்றாலத்துல தண்ணி விழுதா?" மொட்டைமாடியில் ஒரு மழைமானி, ஈரப்பதம் அளக்கும் சென்ஸார், ஒரு இஎஸ்பி32 போர்டு, சின்ன சோலார் பேனல் இருந்தால், சாரலை நாமே அளந்து பார்க்கலாம். இதற்கெல்லாம் உயிர் கொடுப்பது ஒரு லித்தியம் செல். அதில்தான் கொஞ்சம் கவனம் வேணும்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். நம் கையில் இருப்பது குட்டி செல்தான். ஆனால், உள்ளே நடக்கும் வேதியியல் கிட்டத்தட்ட அதேதான்.

ஏன் தீப்பிடிக்கிறது?

செல்லுக்குள் எளிதில் எரியக்கூடிய திரவம் இருக்கிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. ஓவர் சார்ஜ், ஷார்ட் சர்க்யூட், அடி, அதிக சூடு என ஏதோ ஒன்றில் அது கிழிந்தால் சூடு ஏறும். அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும். பிறகு செல் தானாக அடங்காது.

செல் வாங்கும்போது...

18650 என்பது 18 மி.மீ விட்டம், 65 மி.மீ நீளம் உள்ள செல். தரமான செல்லிலேயே கொள்ளளவு சுமார் 3,500 எம்ஏஹெச் பக்கம்தான் வரும். "9,900 எம்ஏஹெச்" என்று அச்சடித்து மலிவாகக் கிடைத்தால், கண்ணை மூடிக்கிட்டு ஒதுக்கிடுங்க.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து செல் உருவுபவர்கள் முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லுக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டாம். உள்ளே தாமிரம் கரைந்து படிந்து, சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகலாம்.

சார்ஜ் போடும்போது...

வழக்கமான லித்தியம் அயான் செல்லுக்கு 3.7 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாமல் இருப்பது நல்லது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வேறு ரகம், அது 3.65 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சார்ஜர் ஆகாது.

நம்ம பசங்க அதிகம் பயன்படுத்தும் டிபி4056 போர்டு, வாங்கும்போதே 1 ஆம்பியருக்கு செட் ஆகியிருக்கும். 500 எம்ஏஹெச் பேட்டரிக்கு அது ரொம்ப அதிகம். போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் போட்டால், கரன்ட் சுமார் 250 மில்லி ஆம்பியராகக் குறையும். 'அவுட்' முனைகள் தனியாக உள்ள, பாதுகாப்பு சிப் வைத்த போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.

தூங்கும்போதும், மெத்தை மேலேயும் சார்ஜ் போடாதீங்க. டைல்ஸ் தரைதான் சரியான இடம்.

வேலை செய்யும்போது...

செல் மீது நேரடியாக சால்டரிங் வைக்காதீர்கள். ஹோல்டர் போடுங்கள், அல்லது நிக்கல் பட்டை வெல்டிங் செய்து வரும் செல்லை வாங்குங்கள். 18650 செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். மேல் உறை பாசிட்டிவ் முனை அருகே கிழிந்திருந்தால் பயன்படுத்தக் கூடாது. கனெக்டரில் சிவப்பு, கறுப்பு ஒயர்களை நம்பி மாட்டாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். மல்டிமீட்டர் சொல்வதுதான் வேதவாக்கு.

பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிக்கிற அவசரத்தில் செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடுவதும் ஆபத்து. பிளாஸ்டிக் டப்பா எதற்கு இருக்கு?

சாரலும் வெயிலும்

வெளியில் வைக்கும் பெட்டியில் ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். ஈரம் உறிஞ்ச சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். சீஸன் முடிந்து வெயில் ஏறினால் வேறு பிரச்னை. பெரும்பாலான செல்களை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரியை சோலார் பேனலின் முதுகில் ஒட்டாமல், நிழலில் தனியாக வையுங்கள்.

உப்பினால், புகைந்தால்?

உப்பிய பேட்டரியை அமுக்கவோ, ஊசியால் குத்தவோ, மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. மணல் நிரப்பிய வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளேயே புகைய ஆரம்பித்தால், கைக்கு எட்டினால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே வந்துடுங்க. அந்தப் புகை விஷம். 101 அல்லது 112-க்கு அழையுங்கள். போர்டை இன்னொண்ணு வாங்கிக்கலாம்.

செத்த செல்லை என்ன செய்வது?

முனைகளில் டேப் ஒட்டுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அடுத்த முறை உதிரிபாகம் வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் "பழைய பேட்டரி எடுத்துப்பீங்களாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள்.