அமிகா 500: மூடிக்குள் இருந்த வழி

ஹார்ட் டிஸ்க்கே இல்லாத ஒரு கணினி லட்சக்கணக்கில் விற்றது என்றால் நம்புவீர்களா? 1987ல் கொமடோர் நிறுவனம் வெளியிட்ட அமிகா 500 தான் அது. கீபோர்டும் கணினியும் ஒரே பெட்டி. 512 கேபி மெமரி, 880 கேபி கொள்ளும் ஒரு பிளாப்பி டிரைவ், அவ்வளவே.

ஏன் இப்படி? காரணம் விலை. அன்று ஹார்ட் டிஸ்க் ஒரு ஆடம்பரப் பொருள். அதே ஆண்டில் வந்த அமிகா 2000ல் கார்டுகள் செருக உள்ளேயே இடம் உண்டு, ஆனால் விலை அதிகம். வீட்டுக்கு வாங்குபவர்களைப் பிடிக்க 500ன் விலையைக் குறைத்தாக வேண்டும். அதற்குப் பலி, ஹார்ட் டிஸ்க்.

இதனால் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஒரு டிரைவ் மட்டும் வைத்திருந்தவர், 'அந்த டிஸ்க்கைப் போடு, இந்த டிஸ்க்கைப் போடு' என்று கணினி கேட்கக் கேட்க மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும்!

ஆனால் வடிவமைத்தவர்கள் வழியை முழுதாக அடைத்துவிடவில்லை. இடது பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் 86 பின் கொண்ட இணைப்பு. பிராசசரின் தடங்கள் அங்கே வெளியே வருகின்றன. கொமடோரின் ஏ590 என்ற பெட்டி இதில்தான் பொருந்தும். 20 எம்பி ஹார்ட் டிஸ்க், அதற்குத் தனி பவர் சப்ளை, 2 எம்பி வரை கூடுதல் மெமரிக்கு இடம், ஸ்கசி இணைப்பு எல்லாம் அதில் இருந்தன. 20 எம்பி இன்று ஒன்றுமே இல்லை. அன்றோ சுமார் 23 பிளாப்பிகளுக்குச் சமம்.

பெட்டியைச் செருகியதும் அது தன்னைத் தானே கணினிக்கு அறிமுகம் செய்துகொள்ளும். ஆட்டோகான்ஃபிக் என்று இதற்குப் பெயர். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கிக்ஸ்டார்ட் 1.2 சிப் உள்ள கணினிகள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேராகத் துவங்காது. முதலில் பிளாப்பி போட்டே ஆக வேண்டும். 1.3 சிப்பை மாற்றிப் போட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இங்கேதான் வணிகப் பாடம் ஒன்று வருகிறது. பெரும்பாலோரிடம் ஹார்ட் டிஸ்க் இல்லாததால், கேம் தயாரித்தவர்கள் பிளாப்பியிலிருந்து நேராக ஓடும்படியே எழுதினார்கள். அவற்றில் பலவற்றை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றவே முடியாது. ஏற்ற முடியாத போது, விளையாட மட்டும் கணினி வைத்திருப்பவர் ஹார்ட் டிஸ்க் எதற்கு வாங்க வேண்டும்? கோழியா முட்டையா கதைதான்!

1992ல் வந்த அமிகா 600, 1200 இரண்டிலும் உள்ளேயே ஐடிஇ இணைப்பு வைத்தார்கள். ஆனால் 1994 ஏப்ரலில் கொமடோர் மூடப்பட்டது.

கணினிகள் மட்டும் சாகவில்லை. ஏ590ல் இருந்தது எக்ஸ்டி வகை டிஸ்க். அது பழுதானால் சாதாரண ஐடிஇ டிஸ்க் அதற்குப் பொருந்தாது. அப்போது கைகொடுப்பது அந்த ஸ்கசி இணைப்புதான். 600, 1200 வைத்திருப்பவர்கள் ஒரு சிறு அடாப்டர் மூலம் கேமரா மெமரி கார்டையே ஹார்ட் டிஸ்க்காக மாட்டுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: பழைய கிக்ஸ்டார்ட்டுக்கு 4 ஜிபிக்கு மேல் கணக்குத் தெரியாது. அதைத் தாண்டி எழுதினால் டிஸ்க்கின் துவக்கத்திலேயே எழுதி, இருந்ததையும் அழித்துவிடும். பிளாப்பியை நம்பியிருந்த கேம்களை ஹார்ட் டிஸ்க்கில் ஓட வைக்கவும் டபிள்யூஹெச்டிலோட் என்ற மென்பொருள் பின்னர் வந்துவிட்டது.

விலைக்காக ஒரு பொருளை விட்டுவிடுவது தவறல்ல. பிற்பாடு அதைச் சேர்க்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும். தயாரித்த கம்பெனியே போன பிறகும் அமிகா ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.