குக்கர் விசில் வராவிட்டால் என்ன ஆகும்? சேஃப்டி வால்வு வேலை செய்வது எப்படி?

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் காலை 7 மணிக்கு நடந்து போனால், வீட்டுக்கு வீடு குக்கர் விசில் கேட்கும். "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சுடு" என்பது எல்லா வீட்டிலும் ஒலிக்கிற குரல்தான். ஆனால் விசில் போடுவது சாதம் வெந்துவிட்டது என்று சொல்வதற்காக மட்டும் இல்லை. குக்கர் வெடிக்காமல் காப்பாற்றுவதும் அதுதான். எப்படி? பார்க்கலாம்.

மூடி மேல் 300 கிலோ!

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குக்கரை மூடினால் நீராவி வெளியேற முடியாது. உள்ளே அழுத்தம் கூடும், கொதிநிலையும் சுமார் 120 டிகிரி வரை உயரும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது.

வீட்டு குக்கரில் இந்த அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ. குறைவாகத் தெரிகிறதா? 20 செ.மீ. அகலமுள்ள மூடி என்றால், அதன் மேல் மொத்தமாக 300 கிலோவுக்கும் அதிகமான விசை உள்ளிருந்து தள்ளுகிறது.

1. எடை வால்வு

விசில் என்று நாம் சொல்வது, மூடியில் உள்ள சிறு குழாய் மேல் உட்காரும் ஒரு எடை. குழாயின் துளை 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 0.07 சதுர செ.மீ. தான். 1 கிலோ அழுத்தத்தை அடக்க 70 கிராம் எடை போதும். அழுத்தம் அதைத் தாண்டினால் எடை மேலே எழும்பும், 'உஸ்ஸ்' என்று ஆவி வெளியேறும், எடை மறுபடி கீழே உட்காரும்.

இந்த யோசனைக்கு 300 வயதுக்கு மேல் ஆகிறது. பிரான்ஸில் பிறந்த டெனிஸ் பாப்பின் 1679-ல் லண்டனில் காட்டிய ஆவிப் பாத்திரம்தான் குக்கரின் முன்னோடி. பாத்திரம் வெடிக்காமல் இருக்க, எடையும் நெம்புகோலும் கொண்ட வால்வையும் அவர் பொருத்தினார்.

2. உருகும் வால்வு

பருப்பு நுரையோ தோலோ துளையை அடைத்துவிட்டால்? விசில் வராது. ஆனால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போதுதான் மூடியில் உள்ள சேஃப்டி வால்வு வேலைக்கு வரும். அதன் நடுவில் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை இருக்கும். சூடு அளவை மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். ஒருமுறை உருகினால் அதன் ஆயுள் முடிந்தது, புதிதுதான் மாட்ட வேண்டும். சில குக்கர்களில் மூடி ஓரத்து இடைவெளி வழியாக கேஸ்கட் பிதுங்கி ஆவியை விடும்.

3. ஸ்பிரிங் வால்வு

பெரிய பாய்லர்களில் எடைக்குப் பதில் ஸ்பிரிங். நிர்ணயித்த அழுத்தம் வந்ததும் 'பட்' என்று முழுதாகத் திறந்து, அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். தண்ணீர், எண்ணெய் போன்ற திரவங்களுக்கான ரிலீஃப் வால்வு மட்டும் அழுத்தத்துக்கு ஏற்ப கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

4. கிழியும் தகடு

ரசாயன ஆலைகளில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைப் பொருத்துவார்கள். அழுத்தம் எல்லை மீறினால் தகடு கிழிந்து வழிவிடும், தொட்டி தப்பிக்கும்.

கீசர் சொட்டுகிறதா?

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் கீசரில் 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு சூடானால் சுமார் அரை லிட்டர் கூடுதல் இடம் வேண்டும். அந்த விரிவின் அழுத்தம் எல்லை மீறினால், கீசருக்குக் கீழே உள்ள வால்வு கொஞ்சம் தண்ணீரைச் சொட்டவிடும். இது ரிப்பேர் இல்லை. "சொட்டுது" என்று அதை அடைத்தால் டேங்க்கே வெடிக்கலாம். போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் உப்புப் படிந்து இந்த வால்வு இறுகிப்போகும். அதனால் சர்வீஸ் செய்யும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள். விடாமல் ஒழுகினால், அடைக்காமல் வால்வை மாற்றுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1 பிப்ரவரி 2021 முதல் வீட்டு பிரஷர் குக்கர்களுக்கு ஐஎஸ் 2347 தரச்சான்று, அதாவது ஐஎஸ்ஐ முத்திரை, கட்டாயம். இந்தத் தரம் இல்லாத 2,265 குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக, அமேசான் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. குக்கர்களைத் திரும்பப் பெற்று பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. பாய்லர்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1923-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் வந்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* சமைக்கும் முன் விசில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும்.
* குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பு என்றால் பாதி போதும்.
* தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்காதீர்கள்.
* ரங்கநாதன் தெருவிலோ ஆன்லைனிலோ, எங்கே வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். சேஃப்டி வால்வும் கேஸ்கட்டும் அதே கம்பெனியுடையதாக இருக்கட்டும்.
* சேஃப்டி வால்வு போய்விட்டால் ஸ்க்ரூ, ஈயம் வைத்து அடைக்கவே கூடாது.
* வழக்கமான நேரத்தில் விசில் வரவில்லையா? முதலில் அடுப்பை அணையுங்கள். விசிலைத் தட்டிப் பார்க்காதீர்கள், மூடியைத் தொடாதீர்கள். தானாக முழுதாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

30, 40 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் சேஃப்டி வால்வு இல்லை. 300 கிலோ விசைக்கும் அடுப்படியில் நிற்பவருக்கும் நடுவே இருப்பது அதுதான்.