ஏவல் மறவாத காவலர்

காரெல் சாபெக் என்னும் செக் நாட்டு நாடகாசிரியர் 1920ஆம் ஆண்டில் எழுதி, அடுத்த ஆண்டு பிராக் நகரத்து மேடையில் ஏறிய ஒரு நாடகத்தின் வாயிலாகவே, மனித வடிவில் உற்பத்தி செய்யப்பட்டு மனிதருக்கு ஊழியம் புரியும் ஒரு செயற்கை இனம் மேல்நாட்டுக் கற்பனையில் நிரந்தரமாகக் குடியேறியது. அந்த ஊழியர் முடிவில் எசமானருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து மனித குலத்தை நிர்மூலமாக்கிவிடுகின்றனர். அன்று தொட்டு இத்தகைய கதைகளை எழுதியவரில் பெரும்பாலோர், வேலைக்காரன் என்றைக்கு எதிர்த்து நிற்பானோ என்ற எசமானனின் புராதன அச்சத்தையே புதிய உலோகத்தில் வார்த்து வந்திருக்கின்றனர். ஐசாக் அசிமோவ் 1942இல் மூன்று விதிகளை வகுத்து அவ்வச்சத்துக்குக் கடிவாளமிட முயன்றார். தமிழிலோ, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய் சுயமாகச் சிந்திக்கத் தலைப்பட்டு வாசகரின் அன்பைக் கவர்ந்ததும், 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி தன்னைப் போன்ற ஒரு படையையே சிருஷ்டித்துக்கொண்டு நகரத்தை நடுங்க வைத்ததும், இனிமையும் கொடுமையுமாக வேறுபட்டாலும், ஏவல் மீறும் யந்திரம் என்ற ஒரே கிளையில் காய்த்தவைதாம்.

இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியதான ஒரு கதை நமது இலங்கைத் தீவிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கிப் பாளி மொழியில் உரைகள் இயற்றிய புத்தகோசர், புத்தர் பெருமானின் பரிநிர்வாணத்தைக் கூறும் சூத்திரத்துக்கு வகுத்த உரையில், அவரது திருமேனியின் எச்சங்களாகிய தாதுக்கள் காக்கப்பட்ட வரலாற்றை விவரிக்கிறார். புத்தரின் சீடர் மகாகாசியபரின் யோசனைப்படி அஜாதசத்துரு மன்னன் தாதுக்களைத் திரட்டி, இராசகிருகத்துக்குத் தென்கிழக்கே நிலத்தின் கீழ் அறை அமைத்து மூடிய பின்னர், இந்திரனின் கட்டளையால் அங்கே வந்த தேவதச்சனாகிய விசுவகர்மா, கையில் பளிங்கு நிறத்து வாளேந்திய மரப் பாவைகளைக் காற்றின் வேகத்தில் சுழலும்படி பொருத்தி, அவ்வளவையும் ஒரே ஓர் ஆணியால் பிணைத்துவிட்டுப் போய்விடுகிறான். தலைமுறைகள் கழிகின்றன, அஜாதசத்துருவின் வம்சம் அழிந்து, வேறு அரசர் தோன்றி மறைந்து, அசோகன் வருகிறான். தாதுக்களை உலகெங்கும் ஸ்தூபிகளில் பிரதிஷ்டை செய்ய விரும்பும் தர்மசீலன் அவன். அவனைத் தடுத்து நிறுத்த எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் வாளேந்திய பாவைகள் சுழன்றுகொண்டேயிருக்கின்றன. ஈற்றில் விசுவகர்மாவே குடுமி முடித்த கிராமத்துச் சிறுவனாக வேடம் பூண்டு வந்து, பொறியின் மூட்டைக் குறிபார்த்து ஓர் அம்பை எய்ய, எல்லாம் கழன்று சிதறுகின்றன.

இக்கதையில் யந்திரம் கலகம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் குற்றமெல்லாம் அளவிறந்த விசுவாசம் ஒன்றே. கள்வனைத் தடுக்க வைத்த வாள், உரியவன் வந்து நிற்கும்போதும் உறைக்குள் போகத் தெரியாமல் சுழல்கிறது.

காவற்பொறிகளைப் பற்றிய பிரஸ்தாபம் பழந்தமிழிலும் இல்லாமற் போகவில்லை. மதுரைக் கோட்டை மதிலில் தானாகவே வளைந்து எய்யும் வில்லையும், குரங்கு வடிவில் அமர்ந்து அணுகினாரைக் கடிக்கும் பொறியையும், கல்லெறியும் கவணையும் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அடுக்கிக்கொண்டே போகிறது. பெருங்கதையில் உதயணன் எந்திர யானை ஒன்றினால் வஞ்சிக்கப்பட்டுச் சிறைப்படுகிறான். அதன் வயிற்றுக்குள்ளோ வீரர் ஒளிந்திருந்தனராதலால் அதை முழு யந்திரம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. 11ஆம் நூற்றாண்டில் தாரா நகரத்து மன்னனாகிய போஜனின் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம், இரவில் வாயிலில் நின்று உட்புகும் கள்வரைத் தாக்கும் மரக் காவலனை வருணிக்கிறது. அதன் உள்ளமைப்பை விவரிக்காமல் விட்டதற்குக் காரணம் அறியாமை அன்று, இரகசியத்தைக் காக்கும் நோக்கமே என்றும் சொல்லிக்கொள்கிறது. செய்யும் வகையை மறைத்தவர்கள், காவல் தேவையற்றுப்போன காலத்தில் அதைக் கலைக்கும் வகையை யாருக்குச் சொல்லி வைத்தார்களோ!

1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து கொழும்பிலே மறைந்த ஆர்தர் சி. கிளார்க் ஒருவரே இவ்விஷயத்தில் புத்தகோசரின் பக்கம் சற்றுச் சாய்ந்தவர் என்பேன். அவர் படைத்த ஹால் என்னும் கணினி விண்கலத்து மனிதரைக் கொல்வதைக் கண்டோர் அது துரோகம் செய்ததென்றே கருதினர். ஆனால் அக்கதையின் தொடர்ச்சியாக 1982இல் எழுதிய நாவலில், ஒன்றுக்கொன்று முரணான இரு கட்டளைகளையும் சேர நிறைவேற்ற முயன்றதே அதன் பைத்தியத்துக்குக் காரணம் என்று அவர் விளக்கிவிட்டார்.

இனி, இந்தக் கற்பனைகள் மண்ணில் இறங்கி நின்ற ஓரிடத்துக்கு வருவோம். ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியில், தென்னந்தோட்டங்களுக்குப் பெயர்போன பளையையும் அதற்கப்பால் முகமாலையையும் உள்ளடக்கிய பச்சிலைப்பள்ளிப் பிரதேசம், வன்னிப் பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய கழுத்தில் அமைந்திருப்பதால், ஆதிகாலந்தொட்டே காவலுக்கும் கடவைக்கும் உரிய பூமியாக இருந்து வந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகள் இவ்வழியாகவே குடாநாட்டுக்குள் ஓட்டி வரப்பட்டன. அவர்கள் இக்கடவைகளில் சிறு கோட்டைகளைக் கட்டிக் காவலரை நிறுத்தியிருந்தனர். அக்காவலர் உண்டனர், உறங்கினர், காய்ச்சலில் விழுந்தனர்; 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமானபோது அவர்களுடைய காவலும் தானாகவே முடிந்துபோயிற்று. எசமான் போனதும் காவலன் வீடு திரும்புவது மனித காவலின் இயல்பு.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த பின்னர், கிளாலி முதல் முகமாலை ஊடாக நாகர்கோவில் வரை நீண்ட முன்னரங்கு, ஏறத்தாழ 2008இன் இறுதி வரையில் பெரிதும் நகராமலே நின்றது. 2002இல் சமாதான காலத்தில் வீதி திறக்கப்பட்டு, சனங்கள் இரு தரப்புச் சோதனைச் சாவடிகளிலும் வரிசையில் நின்று முகமாலையைக் கடந்தனர். 2006 ஆகஸ்டில் அதுவும் மூடுண்டது. இத்தனை ஆண்டுகளும் இரு தரப்பாரும் தத்தம் மண்ணணைகளுக்கு முன்னே மிதிவெடிகளை வரிசை வரிசையாகப் புதைத்து வந்தனர். இராணுவம் இட்டவற்றில் பாகிஸ்தானில் உற்பத்தியான பிளாஸ்டிக் மிதிவெடியும் உண்டு. புலிகள் மரப்பெட்டியில் அடைத்த 'ஜொனி'யையும், பின்னர் பிளாஸ்டிக்கிலான 'ரங்கன்' மிதிவெடியையும் தாமே செய்து புதைத்தனர். ஒவ்வொன்றுக்கும் இடப்பட்ட கட்டளை ஒன்றே: மேலே பாரம் விழுந்தால் வெடி. உணவு கேளாது, உறங்காது, யாருடைய கால் என்று விசாரியாது நிற்கும் இவற்றைவிடப் பூரணமான ஏவலாளை எந்தக் கதாசிரியனும் கற்பனை செய்ததில்லை. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த செய்தி உலகமெல்லாம் பரவிற்று. மண்ணுக்கடியில் நின்ற காவலருக்கு மட்டும் அதை அறிவிக்க வழியிருக்கவில்லை. காணிக்காரன் தன் வளவுக்குத் திரும்பி வந்தபோது, அசோகன் முன்னே சுழன்ற வாளைப் போலவே அவை அவனையும் மறித்தன.

ஹலோ ட்ரஸ்ட் முதலிய நிறுவனங்களும் இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் அப்புறப்படுத்தும் வேலையில் இறங்கியபோது, யந்திரத்தை யந்திரமே களையட்டும் என்ற நியாயமான எண்ணத்தில், தொலைவிலிருந்து இயக்கத்தக்க வாகனங்களும் தருவிக்கப்பட்டன. அவற்றுள் பொழேனா என்ற பெண் பெயர் தாங்கிய ஒன்று சுலோவாக்கியாவில், அதாவது சாபெக் வாழ்ந்த காலத்துச் செக்கோசுலோவாக்கியாவின் மறுபாதியில், செய்யப்பட்டது என்பது ஒரு சுவையான தற்செயல். ஆயினும், சங்கிலிகளைச் சுழற்றி மண்ணை அடித்துச் செல்லும் அத்தகைய யந்திரம் சென்ற இடத்தில் எல்லா வெடிகளும் தீர்ந்துவிட்டன என்று சத்தியம் செய்ய எவராலும் இயலாது. அதன் பின்னே மனிதக் கை மறுபடியும் தேடித்தான் ஆகவேண்டும். மண்ணணைகளை இரும்புக் கவசமிட்ட வாகனங்கள் தோண்டிச் சலிக்கலாம்; எஞ்சிய நிலத்தைத் திறக்க முழந்தாளிட்ட மனிதர் வேண்டும்.

அந்த மனிதருள் பெண்கள் கணிசமானோர். யுத்தத்தில் கணவரை இழந்தவரும், குடும்பப் பொறுப்பைத் தாமே சுமப்பவருமான இப்பிரதேசத்துப் பெண்கள், முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, வெயிலில் குந்தியிருந்து, பற்களையுடைய இரும்பு வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகத் தம் பக்கம் இழுத்து, புதைந்த பொருளின் பக்கவாட்டு முகத்தைக் கண்டுபிடிக்கின்றனர். மேற்புறத்தில் அழுத்தம் பட்டால்தான் அது வெடிக்கும். ஆகவே பக்கத்திலிருந்து அணுக வேண்டும் என்பதே இக்கலையின் அடிப்படை. உலோகம் மிகக் குறைந்த வெடிகள் கருவியின் காதுக்கு எளிதில் கேளாமையாலும், மணற்பாங்கான இந்நிலம் வாரிக்கு இணங்குவதாலும் இம்முறை வழக்கில் ஊன்றியது. மூட்டு எங்கே என்று அறிந்து ஒரே அம்பில் கலைத்த தேவதச்சனின் வேலை, இங்கே நாட்கூலியும் மாதச் சம்பளமுமாக, ஆண்டுக்கணக்கில் நீண்டிருக்கிறது. அவனுக்கொரு சௌகரியம் இருந்தது: தான் பூட்டியதைத் தானே கழற்ற வந்தான். முகமாலையில் புதைத்தவர்கள் பலர் இறந்துபோயினர், சிலர் எங்கோ போய்விட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளும் குறைவு. மழையில் மண் இடம்பெயர்ந்திருக்கிறது. மரப்பெட்டி உக்கிவிட்டாலும் உள்ளிருக்கும் மருந்தை நம்ப முடிவதில்லை.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நாட்டின் நிலம் முழுவதையும் துப்புரவாக்க அவ்வுடன்படிக்கையின்படி விதிக்கப்பட்ட தவணை 2028 ஜூன். இடையில், தேடி முடித்த துண்டுகள் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்பட்டு உரியவரிடம் கையளிக்கப்பட்டு வருகின்றன. காணி உறுதியை இத்தனை காலமும் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்கள், எல்லைக் கற்களும் வேலிகளும் மண்ணணைகளுக்குள் மறைந்துபோன வளவில் தம் எல்லை எது என்று அயலவரோடு மறுபடியும் அளந்துகொள்ள வேண்டியவர்களாயிருக்கின்றனர்.